அரைவை டப்பா

திறக்கக் கூடாது என்று அவள் சொன்னதால்தான் திறக்கிறேன். சொல்லாமல் விட்டிருந்தால் நான்பாட்டுக்குப் பேப்பரைப் புரட்டிவிட்டுப் படுத்திருப்பேன். காலையில் இட்லி சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தால், எப்போதும் எதிரில் வந்து நிற்கிற மோர் டம்ளர் இன்று வரவில்லை. பொடி எங்கே என்று கேட்டேன். அரைவை டப்பா இறுகிப்போச்சு, மூடி சுற்ற மாட்டேன் என்கிறது, மழைக்கு வெந்தயம் நமுத்திருக்கும், நீங்கள் அதில் கை வைக்க வேண்டாம், நானே பாத்திரக் கடையில் கொடுத்துச் சரிபண்ணிக்கொண்டு வருகிறேன் என்று என் பெண்டாட்டி தையல்நாயகி மூச்சுவிடாமல் சொன்னாள். நான் கேட்டது ஒன்று, அவள் சொன்னது நாலு. ரயிலில் டிக்கெட் பரிசோதித்தே தலை நரைத்தவனுக்கு இது போதும். டிக்கெட் எடுக்காதவன் தூங்குவதுபோல் நடிப்பான், அவனைத் தட்டி எழுப்பினால் வேலை முடிந்தது. கேட்பதற்கு முன்பே எழுந்து நின்று நாலு காரணம் சொல்கிறவன் வேறு எதையோ மறைக்கிறான், அவன் சீட்டுக்கு அடியில் குனிந்து பார்க்க வேண்டும். குனிந்து பார்த்தேன். அரிசி டிரம்முக்குப் பின்னால், பழைய துண்டில் சுற்றி வைத்திருந்தாள். பாத்திரக் கடைக்குக் கொடுக்கப் போகிறவள் டப்பாவை வீட்டில் ஒளித்து வைத்துவிட்டு, விசேஷத்துக்குக் கட்டுகிற பச்சைப் புடவையைக் கட்டிக்கொண்டு, மார்க்கெட் வரைக்கும் போய்விட்டு வருகிறேன் என்று எதற்குப் போகிறாள்.

கனமான டப்பா. கைக்குள் அடங்குகிற இரும்பு உருண்டை மாதிரி இருக்கும். மேல் மூடியிலும் கீழ்க் கிண்ணத்திலும் வரிசையாக முள் முள்ளாகப் பற்கள். நடுவில் மூலிகையைப் போட்டு மூடியை இப்படியும் அப்படியும் திருப்பினால் பொடியாகி, சல்லடை வழியாக அடியில் திருகியிருக்கிற சின்னக் கிண்ணத்தில் விழும். பொருட்காட்சியில் நான்தான் பார்த்து வாங்கினேன். மிக்ஸியில் அடித்தால் சூடு ஏறி மூலிகையின் குணம் செத்துப்போகும் என்று நாட்டு மருந்துக் கடைக்காரர் சொன்னார், நானும் அதையே பார்க்கில் பத்துப் பேருக்குச் சொன்னேன். ஆவாரம்பூ, நாவல்கொட்டை, சிறுகுறிஞ்சான், வெந்தயம். இந்த நாலையும் அரைத்து மோரில் கலக்கிக் குடித்தே என் சர்க்கரை இறங்கியது. டாக்டரே ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு, இப்படியே தொடருங்கள் என்றார். எதைத் தொடர்கிறேன் என்று அவருக்குத் தெரியாது, நானும் சொல்லவில்லை. தையல்நாயகி பக்கத்தில் உட்கார்ந்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அன்றைக்கு அதை அடக்கம் என்று நினைத்தேன். இப்போது யோசித்தால் அது அடக்கம் இல்லை. தரையைப் பார்க்கிறவர்களில் அடக்கமானவர்களை நான் சர்வீஸில் பார்த்ததே இல்லை.

அவள் தெருமுனை திரும்பியதும் டப்பாவை ஃப்ரீஸரில் வைத்தேன். பிசின் மாதிரி ஒட்டிக்கொண்டதைச் சூடு காட்டி இளக்குவதைவிட, குளிரில் விறைக்க வைத்துத் தட்டினால் பாளம் பாளமாக விட்டுவிடும். கோச்சுக்குள் சீட்டில் ஒட்டிய சூயிங்கத்தைச் சுத்தம் செய்கிறவர்கள் ஐஸ் கட்டி வைத்துத்தான் பெயர்ப்பார்கள். இப்போது எடுத்துப் பின்கட்டில் துணி துவைக்கிற கல்லில் உட்கார்ந்திருக்கிறேன். இரும்பு கையைக் கடிக்கிறது. சுத்தியால் அடிக்கக் கூடாது, அடித்தால் வட்டம் கோணிவிடும், அப்புறம் ஜென்மத்துக்கும் சுற்றாது. கல்லின் விளிம்பில் சுற்றிச் சுற்றி லேசாகத் தட்ட வேண்டும். டொக். டொக். எதிர்வீட்டு மாடியில் யாரோ எட்டிப் பார்க்கிறார்கள். பார்க்கட்டும். என் வீட்டு டப்பாவை நான் தட்டுகிறேன். டொக். மேல் மூடிக்கு ஒரு துண்டு சைக்கிள் டியூபைச் சுற்றிப் பிடித்தேன், கீழ்க் கிண்ணத்தைத் தொடைகளுக்கு நடுவில் இடுக்கினேன், திருப்பினேன். நகரவில்லை. இடப்பக்கம் திருப்பினால் கழலுமா, வலப்பக்கமா. ஒரு நாளும் இதை நான் திறந்ததில்லை என்பது இப்போதுதான் உறைக்கிறது. வாங்கியது நான், பெருமையடித்தது நான், அரைத்தது அவள். இரண்டு தரம் நானே அரைக்கிறேன் என்று கேட்டிருக்கிறேன். உங்களுக்குக் கட்டைவிரல் மூட்டு வலிக்கும் என்று வாங்கி வைத்துக்கொண்டாள். என் கட்டைவிரல் மேல் இவளுக்கு என்ன அத்தனை அக்கறை.

அக்கறை இருக்கிறவள்தான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அம்மா சாகும்வரை சொல்லிக்கொண்டே இருந்தாள், இவள் உனக்கு மருந்து வைத்துவிட்டாள்டா, அதனால்தான் இவள் பின்னாலேயே சுற்றுகிறாய் என்று. கல்யாணமான புதிதில் எனக்கு வயிறு சரியில்லாமல் போனபோது, இடுமருந்து எடுக்கிற ஒருத்தியிடம் கூட்டிப்போய், வயிற்றில் குழல் வைத்து உறிஞ்சச் சொல்லி, கறுப்பாக ஏதோ ஒன்றைத் தட்டில் துப்பவைத்துக் காட்டினாள். நான் சிரித்தேன். தையல்நாயகி அன்று முழுக்கச் சாப்பிடவில்லை. அதெல்லாம் பழங்கதை, அம்மாவும் போய்விட்டாள். இருந்தாலும் இப்போது வயிற்றில் கை வைத்துப் பார்த்துக்கொள்கிறேன். இந்த வயதில் என்னை மயக்கி இவள் என்ன செய்யப்போகிறாள். மயக்க மருந்து இல்லையென்றால் வேறு மருந்து. சே, என்ன நினைப்பு இது. டொக். ஆனால் போனில் பேசினாளே. தஞ்சாவூரில் மெடிக்கல் ஷாப் வைத்திருக்கிற அவள் தம்பி கனகசபையிடம், அடுப்படிக் கதவைச் சாத்திக்கொண்டு பேசினாளே. நான் தண்ணீர் குடிக்கப் போனவன், வாசலில் நின்றுவிட்டேன். "அரைச்சுட்டா தெரியாதுல்லப்பா" என்றாள். அவன் ஏதோ சொல்லியிருக்க வேண்டும். பிறகு, கசப்போட கசப்பாப் போயிடும் என்று சொல்லி ஒரு பெருமூச்சு விட்டாள். நான் செம்பைக் கீழே வைத்துவிட்டு வந்து படுத்துக்கொண்டேன். கேட்டிருக்கலாம். வாயைத் திறந்து கேட்டிருந்தால் ஒரு நிமிஷத்தில் முடிந்திருக்கும். கேட்காமல் வைத்துக்கொண்டே இருப்பதில் எனக்கு ஒரு பழக்கம் இருக்கிறது. அடுத்த ஸ்டேஷன் வரட்டும், இன்னும் கொஞ்சம் அசையட்டும், அப்போது பிடிக்கலாம் என்று.

கனகசபைக்கும் எனக்கும் ஆகாது. அண்ணன் காரியத்தன்று ஆரம்பித்தது. அண்ணனுக்குச் சர்க்கரை வந்து, கைநிறைய மாத்திரை விழுங்கி விழுங்கி, கடைசியில் இரண்டு கிட்னியும் போய், மிஷினில் படுக்கவைத்து ரத்தத்தைக் கழுவிக் கழுவி, எலும்பும் தோலுமாகப் போனான். ஜன்னல் மேடை முழுக்க அவன் மாத்திரை அட்டைகள். வெள்ளை வெள்ளையாக, நடுவில் ஒரு கோடு போட்டு. பாதி பாதியாக உடைத்துக் கொடுக்க வேண்டும் என்று அண்ணி கத்தியை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். மாத்திரையால்தான் கிட்னி போனது என்று நான் சொன்னதற்கு, பந்தியில் நாலு பேர் எதிரில் கனகசபை, அப்படி இல்லை மாமா, பாதி நாள் சாப்பிடாமல் விட்டதால் போனது என்றான். எனக்குப் புத்தி சொல்கிறான், நேற்றுக் கடை வைத்தவன். எனக்கே சர்க்கரை என்று தெரிந்த அன்று டாக்டர் எழுதிக் கொடுத்த சீட்டை ஆஸ்பத்திரி வாசலிலேயே கசக்கிப் போட்டேன். தையல்நாயகி அழுதாள். அழுதால் அழட்டும், நான் மிஷினில் படுக்கமாட்டேன். பயமா என்று கேட்டால் ஆமாம், பயம்தான். அண்ணன் கை என் கையைப் பிடித்துக்கொண்டிருந்த பிடி இன்னும் போகவில்லை. அன்றைக்கு நான் நாட்டு மருந்துக் கடைக்குப் போய்த் திரும்பி வந்தபோது அவள் அழுகையை நிறுத்திவிட்டிருந்தாள். சரி, பொடியே சாப்பிடுங்கள், ஆனால் நான்தான் அரைத்துத் தருவேன் என்றாள். அத்தனை சீக்கிரம் எப்படி நிறுத்தினாள். அழுகிறவள் ஒரு முடிவுக்கு வராமல் அழுகையை நிறுத்த மாட்டாள்.

வலப்பக்கம் இல்லை. இடப்பக்கம்தான். ஒரு மயிரிழை நகர்ந்தது. நகர்ந்த இடத்தில் மறுபடி சிக்கிக்கொண்டது. பற்களுக்கு நடுவில் ஏதோ கல் மாதிரி மாட்டியிருக்கிறது, முன்னும் பின்னும் ஆட்டினால் ஒரே இடத்தில் கடக் கடக் என்கிறது. வெந்தயம் நமுத்திருந்தால் இழுவையாக இருக்கும், இப்படிக் கடிக்காது. நாவல்கொட்டையோ. அதை அவள் முதலிலேயே உரலில் இடித்துக்கொள்வாள். இன்னொன்று ஞாபகம் வருகிறது. வெறும் வயிற்றில் குடிக்கவேண்டும் என்று கடைக்காரர் படித்துப் படித்துச் சொன்னார். இவள் ஒரு நாளும் வெறும் வயிற்றில் கொடுத்ததில்லை. சாப்பிட்ட பிறகுதான், இல்லாவிட்டால் குமட்டும் என்று பிடிவாதம். இன்னொன்றும் இருக்கிறது. போன மாதம் லூர்துசாமி வந்திருந்தபோது.

லூர்து ரிட்டயர்டு கார்டு. நான் டிக்கெட் கேட்கிற வண்டிக்கு அவன் கொடி காட்டுவான், அந்தக் காலத்திலிருந்து சிநேகம். பொன்மலையில் இரண்டு தெரு தள்ளித்தான் வீடு. அன்று அவனும் இட்லி சாப்பிட்டான். பொடி நல்லா இருக்கான்னு பார்க்கிறேன், உன் வீட்டுப் பக்குவம் வேறு என் வீட்டுப் பக்குவம் வேறா என்று சொல்லி என் மோர் டம்ளருக்குக் கை நீட்டினான். குடிடா என்று நானும் கொடுத்தேன். தையல்நாயகி அடுப்படியிலிருந்து ஓடிவந்து டம்ளரைப் பிடுங்கினாள். பாதி மோர் அவன் சட்டையில் கொட்டியது. அவர் எச்சில் பண்ணினது அண்ணே, வேண்டாம் என்றாள். நான் வாயே வைக்கவில்லை. ஒரே தட்டில் கடலை தின்று வளர்ந்த சிநேகம், இவளுக்கு எச்சில் கணக்கு. எனக்குக் கொடுக்கலாம், இன்னொருத்தருக்குக் கொடுக்கக் கூடாது. அப்படி ஒரு பொருள் என்னவாக இருக்க முடியும். இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும். அன்றிலிருந்து லூர்துவும் சரியாக முகம் கொடுப்பதில்லை. பத்து நாளாக வாக்கிங் வரவில்லை. போன் போட்டால் கால் விரலில் செருப்புக் கடி, புண் ஆற மாட்டேன் என்கிறது என்கிறான். செருப்புக் கடிக்குப் பத்து நாளா. மோர் கொட்டிய கோபம். அல்லது இவள் அவனிடம் என்னைப் பற்றி ஏதாவது சொல்லிவைத்திருக்கிறாள். எல்லாருமாகச் சேர்ந்து.

மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒரே திருப்பு. கழன்றுவிட்டது. பச்சையும் பழுப்புமாகப் பிசின் பிடித்த பற்கள், குளிரில் விறைத்து நகத்தால் தட்டினாலே உதிர்கிறது. பழைய டூத் பிரஷ்ஷால் கிண்ணத்து மரையைத் தேய்த்தேன். மரையிடுக்கில் வெள்ளையாக வருகிறது. பச்சை மூலிகையில் வெள்ளை ஏது. இரண்டு பற்களுக்கு நடுவில் ஒரு சில்லு இறுக்கமாக உட்கார்ந்திருந்தது. குண்டூசியால் நெம்பி எடுத்தேன். உள்ளங்கையில் வைத்தேன். ஆக, நான் நினைத்தது சரி. ஏதோ போடுகிறாள். இத்தனை நாள் குடும்பம் நடத்தியவள். நாக்கு நுனியில் தொட்டுப் பார்த்தேன், துப்பினேன், கசப்பு, ஆனால் சிறுகுறிஞ்சான் கசப்பு இல்லை. இப்போதே லூர்துவைக் கூப்பிட்டுச் சாட்சி வைத்துக்கொள்ள வேண்டும். கனகசபை சட்டையைப் பிடிக்க வேண்டும். வெயிலில் தூக்கிப் பார்த்தேன். அரை வட்டமாக இருக்கிறது. உடைந்த பக்கம் சொரசொரவென்று, மறு பக்கம் வழுவழுவென்று வளைந்து. உடைந்த ஓரத்தில் நேராக ஒரு கோட்டின் பாதி.

அந்தக் கோடு. அண்ணி கத்தியை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாளே, அந்தக் கோடு.

துவைக்கிற கல்லிலேயே உட்கார்ந்திருக்கிறேன். அரைச்சுட்டா தெரியாதுல்லப்பா. கசப்போட கசப்பாப் போயிடும். சாப்பிட்ட பிறகுதான், இல்லாவிட்டால் குமட்டும். டாக்டர் இப்படியே தொடருங்கள் என்றபோது அவள் தரையைப் பார்த்தாள். ஒவ்வொன்றாக வந்து உட்காருகிறது, ஒவ்வொன்றும் அதனதன் சீட்டில். ஆவாரம்பூவும் இல்லை, நாவல்கொட்டையும் இல்லை. சர்க்கரை இறங்கியது மாத்திரையில். நான் கசக்கிப் போட்ட சீட்டை இவள் பொறுக்கியிருக்கிறாள். பொறுக்கி, தம்பியிடம் வாங்கி, தினம் அரைத்து, மோரில் கலக்கி, நான் முகத்தைச் சுளித்துக்கொண்டு குடித்து முடிக்கும்வரை எதிரிலேயே நின்றிருக்கிறாள். நான் குடித்துவிட்டு, பார்த்தாயா நம்ம மூலிகை மகிமையை என்பேன். ஆமாங்க என்பாள். தினமும். என்னை ஒரு முட்டாளாக்கி. கோபம் வருகிறது, வரவேண்டும், என் வாயில் என்ன போகிறது என்று எனக்குத் தெரிய வேண்டாமா. பார்க்கில் என்னைப் பொடிக்காரர் என்று கூப்பிடுகிறார்கள். எழுந்து நின்று பேசியிருக்கிறேன், இங்கிலீஷ் மருந்து ஒரு வியாபாரம் என்று. அவமானத்தில் காது சூடாகிறது. இருக்கட்டும், அவள் வரட்டும், வந்ததும் இந்தச் சில்லைக் கையில் வைத்து.

டம்ளரை ஏன் பிடுங்கினாள் என்பதும் இப்போது புரிகிறது. அவனும் சர்க்கரைக்காரன், மாத்திரை இருக்கிறவன், இதுவும் சேர்ந்தால் ஆகாது என்று பயந்திருக்கிறாள். லூர்து வீட்டில் மாத்திரை சாப்பிடுகிறான் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள். அவன் சாப்பிடவில்லை. அது எனக்கு மட்டும்தான் தெரியும். பார்க் பெஞ்சில் உட்கார்ந்து, என் ரிப்போர்ட்டை அவன் கையில் கொடுத்து, என்னைப் பாருய்யா, மாத்திரை இல்லாமலே எப்படி இருக்கிறேன் பார் என்று சொன்னது நான். அந்த நாலு மூலிகையையும் அவனுக்குக் கட்டி வாங்கிக் கொடுத்தது நான். அவன் அங்கேயே சட்டைப் பையிலிருந்து அட்டையை எடுத்துச் சாக்கடையில் போட்டான். ஸ்டெல்லாவிடம் சொல்லாதே, திட்டுவாள் என்று பெண்டாட்டிக்குப் பயந்தவன் மாதிரி சிரித்தான். அவன் பொடியில் ஆவாரம்பூ இருக்கிறது, நாவல்கொட்டை இருக்கிறது, சிறுகுறிஞ்சான் இருக்கிறது, வெந்தயம் இருக்கிறது. வேறு ஒன்றும் இல்லை. கால் விரலில் புண், ஆற மாட்டேன் என்கிறது. நான் வித்தவுட்டில் ஏறி உட்கார்ந்துகொண்டு ஊரெல்லாம் பெருமையடித்தேன், எனக்கு இவள் சத்தமில்லாமல் டிக்கெட் எடுத்து வைத்திருந்தாள். லூர்துவை ஏற்றிவிட்டது நான். அவனுக்கு யாரும் எடுக்கவில்லை.

கை தானாகவே வேலை செய்கிறது. ஒரு பிடி பச்சரிசியைப் போட்டு அரைத்தேன், ஒட்டியிருந்த மிச்சமெல்லாம் மாவோடு வந்துவிட்டது. கொட்டி, துடைத்து, மரையில் ஒரு சொட்டுத் தேங்காயெண்ணெய் விட்டுச் சுற்றினேன். வழுக்கிக்கொண்டு சுற்றுகிறது. சுற்றிக்கொண்டே இருக்கிறேன். இதைச் சுற்றுவதை நிறுத்தினால் அடுத்தது என்ன என்று முடிவு செய்ய வேண்டும். ஒரு வழி இருக்கிறது. ஸ்டெல்லாவிடம் ரகசியமாகச் சொல்லி, அவளும் அரைத்துப் போடட்டும். லூர்துவுக்குத் தெரிய வேண்டாம், பார்க்குக்கும் தெரிய வேண்டாம். நல்ல வழிதான். நல்ல வழி என்று நினைக்கும்போதே எனக்கு என்மேல் ஒரு சந்தேகம் வருகிறது.

கேட் சத்தம். தையல்நாயகி பின்கட்டு வரை வந்து, என் மடியில் பிரிந்து கிடக்கிற டப்பாவைப் பார்த்து நின்றாள். புடவை கசங்கி, நெற்றியில் வியர்வை. செருப்பைக் கழற்றவில்லை. கையில் இருந்த பையிலிருந்து அட்டைப்பெட்டி ஒன்று எட்டிப் பார்க்கிறது. இன்னொரு அரைவை டப்பா. காலையில் தவறியதை மத்தியானத்துக்காவது கொடுத்துவிட வேண்டும் என்று ஊரெல்லாம் தேடியிருக்கிறாள். வழியில் பார்க்கிறவர்கள் ஏதோ விசேஷத்துக்குப் போகிறாள் என்று நினைத்து எதுவும் கேட்காமல் இருக்கட்டும் என்று நல்ல புடவை. நான் சில்லை நீட்டவில்லை. அது கல்லின் மேல் இருந்தது, அவளே பார்த்தாள். திட்டுவேன் என்று காத்திருந்தாள். நானும்தான் காத்திருந்தேன், ஒன்றும் வரவில்லை.

"லூர்து மாத்திரையை நிறுத்திட்டான்" என்றேன். "நான் சொல்லித்தான்."

அவள் பையைக் கீழே வைத்தாள். கால் விரல் புண் அதுதானா என்று கேட்டாள். தெரியவில்லை என்றேன். தெரியும். ஸ்டெல்லா விஷயத்தைச் சொன்னேன், அந்தப் புது டப்பாவை அங்கே கொடுத்துவிடலாம், நீ போய்ச் சொல்லிக்கொடு என்றேன். சொல்லும்போது அவள் முகத்தைப் பார்க்காமல் டப்பாவைச் சுற்றிக்கொண்டிருந்தேன். அவள் குனிந்து என் கையிலிருந்து அதை வாங்கிக்கொண்டாள்.

"நான் சொன்னா நீங்க கேக்க மாட்டீங்க, அதான் அரைச்சேன்" என்றாள். "லூர்து அண்ணன் நீங்க சொன்னாக் கேப்பாரு. நீங்க சொல்லித்தானே நிறுத்துனாரு."

அப்புறம் அவள் உள்ளே போனாள். பருப்பு டின்னைத் திறக்கிற சத்தம், அட்டையிலிருந்து மாத்திரை பிதுங்குகிற சத்தம். அந்தச் சத்தம் இந்த வீட்டில் தினமும் கேட்டிருக்க வேண்டும், என் காதில் ஒரு நாளும் விழவில்லை. சோற்றைத் தட்டில் போட்டு வைத்துவிட்டு, பழக்கத்தில் டப்பாவின் மூடியைத் திறந்தாள். பயமாகத்தான் இருக்கிறது. அண்ணன் கையின் பிடி மணிக்கட்டில் இருக்கிறது. நான் அடுப்படி வாசலில் நின்று, ஆணியில் மாட்டியிருந்த சட்டையை எடுத்துப் போட்டுக்கொண்டு, இரண்டு கவளம் அள்ளி வாயில் போட்டுக்கொண்டு, கையை நீட்டினேன்.

"அரைக்க வேண்டாம். அப்படியே குடு. லூர்து எதிர்ல முழுங்கணும்."